ஸ்பேசரா, நெபுலைசரா? கழுவும் வேலைதான் முடிவு செய்தது

அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட்ட இளைப்பு தரும் நுரையீரல் நோய். புகைபிடித்து வந்ததல்ல, வருஷக்கணக்காக விறகடுப்பு ஊதி வந்தது. ரோட்டாகேப் (காப்ஸ்யூலில் உள்ள மருந்துப் பொடியை உறிஞ்சுவது), நெபுலைசர் (திரவ மருந்தைப் பனிபோல் ஆக்கித் தரும் மிஷின்), ஸ்பேசரோடு (பம்ப்பின் மருந்தைப் பிடித்துவைத்து மூச்சில் இழுக்க உதவும் குழாய்) பம்ப் இன்ஹேலர் என்று மூன்றும் எங்கள் வீட்டில் புழங்கிவிட்டன. இப்போது அன்றாடத்துக்கு ஸ்பேசர்தான்.

ரோட்டாகேப் விலை குறைவு, கைக்கு அடக்கம். ஆனால் பொடியைப் பலமாக உறிஞ்ச வேண்டும். இளைப்பு கூடினால் முதலில் போவது அந்தப் பலம்தான். காப்ஸ்யூலில் பொடி மிச்சம் நிற்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டோம்.

நெபுலைசர் என்றால் எல்லோருக்கும் ஒரு மரியாதை. மிஷின் அல்லவா, சத்தம் வேறு போடுகிறது! சும்மா மூச்சு விட்டால் போதும் என்பது நிஜமான வசதி. கரண்ட் வேண்டும், பத்து நிமிஷம் உட்கார வேண்டும் என்பதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் யாரும் சொல்லாதது கழுவும் வேலை. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கப்பையும் மாஸ்க்கையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் கிருமி வளரும். அடுத்த வேளை அது மருந்தோடு நேராக நுரையீரலுக்குள் போகும். இது போக அவ்வப்போது கிருமிநீக்கம், ஃபில்டர் மாற்றுவது. மழைக்காலத்தில் கப் காய்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அப்போது ஈரக் கப்பிலேயே மருந்தை ஊற்றத்தான் கை போகும்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிட்டால் சரி. துணியால் துடைக்கக் கூடாது. உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரே ஒரு அழுத்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அம்மா விரல் மடக்கி எண்ணுவார், ஏழில் விட்டுவிடுவார். பரவாயில்லை. ஸ்டீராய்டு மருந்தென்றால் அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

குறையும் உண்டு. எண்ணிக்கை காட்டாத பம்ப், மருந்து தீர்ந்த பிறகும் வாயுவை மட்டும் பீய்ச்சும். 200 பஃப் டப்பா என்றால், தினம் எத்தனை பஃப் என்று கணக்குப் போட்டு, தீரும் தேதியை அதன்மேலேயே எழுதிவிடுகிறேன்.

கை நடுங்குகிறவர்களுக்கும் ஞாபகம் தடுமாறுகிறவர்களுக்கும் நெபுலைசரே தோதுப்படலாம். அம்மாவுக்கு இரண்டும் இல்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். நெபுலைசரிலேயே சத்தமில்லாத மெஷ் (நுண்சல்லடை) வகையை நாங்கள் வாங்கிப் பார்க்கவில்லை. பழைய மிஷின் பீரோவில் இருக்கிறது, டாக்டர் சொன்னால் எடுக்க. வழக்கமான மருந்துக்கு இளைப்பு அடங்காமல் உதடு நீலம் பாய்ந்தால் இரண்டையும் நம்பி உட்காராமல் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.