ழகரத்துக்கு எந்த உரோமன் எழுத்து?

புதுச்சேரியில் ழகரம் உரோமன் எழுத்தில் பட்ட பாட்டை அறிய இரண்டு ஊர்ப்பெயர்களே போதும். 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்த கீழூருக்குப் பிரெஞ்சு வழக்கில் ‘ஜே’ கிடைத்தது. உழவர்கரைக்கு ‘எல்’ வாய்த்தது. பக்கத்து விழுப்புரத்துக்கு இரட்டை ‘எல்’. தமிழில் ழகர மெய் இரட்டிப்பதே இல்லை என்பதால், தவறுகளுள் இதுவே பெரியது என்பேன்.

நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் எனத் தொல்காப்பியம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சோழமண்டலம் அயலார் வாயில் கோரமண்டலம் ஆனதை இதனோடு பொருத்திப் பார்த்தால், அவர்கள் காது முற்றிலும் பிழைபட்டது என்று சொல்ல முடியவில்லை.

இன்று போட்டியில் இருப்பவை மூன்று. வெறும் ‘எல்’ எவருக்கும் எளிது. ஆனால் திரும்பி வர வழியில்லை. கடலூர் முதுநகரில் கடலுக்குக் கொண்டுபோகும் வலை, அதில் விழும் வாளை மீன், சந்தைக்கு வரும் வாழை ஆகிய மூன்றும், நெடிலையும் குறிக்காமல் எழுதினால், இம்முறையில் ஒரே எழுத்துக்கூட்டாகிவிடுகின்றன. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், இந்திய எழுத்துகளை உரோமனில் எழுதுவதற்காக 2001-இல் வந்த பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 15919-உம், ‘எல்’லின் அடியில் கோடிட்டு ழகரத்தையும் புள்ளியிட்டு ளகரத்தையும் காட்டுகின்றன. ஆய்வுக்கு இதைவிடச் சீரான முறை இல்லை. ஆனால் அடிக்குறி விடுபட்டால் ல, ள, ழ மூன்றும் மீண்டும் ஒன்றாகிவிடும். கைப்பேசியில் அவசரமாகப் பெயரைத் தட்டுபவர் அந்தக் குறியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

‘இசட்’டையும் ‘எச்’சையும் சேர்த்தெழுதும் முறையைப் பலர் அழகற்றது என்கிறார்கள். தமிழறியாதவர் அதைப் பிரெஞ்சு ‘ஜே’ போல ஒலித்துவிடுவார் என்பதும் உண்மையே. ஆயினும் இந்த இணை வேறெந்தத் தமிழ் எழுத்துக்கும் வருவதில்லை. எந்த விசைப்பலகையிலும் கிடைக்கிறது. தமிழ் அறிந்தவர் கண்டதும் ழகரத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஆகவே நூல்களுக்கு அடிக்கோட்டையும், ஊர்ப்பலகைக்கும் ஆட்பெயருக்கும் இந்த இணையையும் நான் பரிந்துரைப்பேன். உழவர்கரை நகராட்சியின் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் பழைய ‘எல்’லோடுதான் வழங்குகிறது, அதை மாற்றினால், அப்பெயரில் மறைந்து கிடக்கும் உழவர் படிப்பவர் கண்ணுக்குத் தென்படுவார்.