திரை பழுதாகிக் கிடந்த காலமே மேல்: ஓர் உடற்பயிற்சி சைக்கிள் அனுபவம்

எங்கள் வீட்டு உடற்பயிற்சி சைக்கிளின் கன்சோல் பழுது நீங்கி, மறுபடியும் எண்களைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். எனக்கோ எரிச்சல் வருகிறது. பல வருடங்களாகப் பயன்படுத்தும் ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் எடை, உள்ளே சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலின் எடை, தடை நிலைகளின் எண்ணிக்கை என்று தொடங்குவது வழக்கம். அவை விற்பனைப் பக்கத்திலேயே கிடைப்பதால் விட்டுவிடுகிறேன். காந்தத் தடையும் பெல்ட்டும் கொண்ட, சுவரில் செருக வேண்டிய அவசியமில்லாத, சாதாரண வீட்டு சைக்கிள் என்று தெரிந்தால் போதும். நான்கு சுவர்களுக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது வரும் சலிப்பைப் பற்றியும், அதை வளர்ப்பதில் அந்தச் சிறிய திரைக்கு உள்ள பங்கைப் பற்றியும்தான் எழுத நினைத்தேன்.

முதலில் கருவிக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். காந்தம் ஃப்ளைவீலைத் தொடுவதில்லை; அருகில் வரும்போது சுழலும் உலோகத்தில் எழும் மின்சுழல்கள்தான் அதன் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. ஆகவே கம்பளிப் பட்டையை அழுத்தித் தடை கொடுக்கும் சைக்கிள்களைப் போலத் தேய்வதற்கோ நாற்றமடிப்பதற்கோ இதில் எதுவும் இல்லை, சத்தமும் கிட்டத்தட்ட இல்லை. வாங்கியபோது இந்த அமைதியை நான் பெரிதாக நினைக்கவில்லை. பின்னர்தான், ஹெட்போன் இல்லாமலேயே மெல்லிய ஒலியில் ஒரு கதையைக் கேட்டுக்கொண்டு மிதிக்க முடிகிறது என்பதும், வீட்டில் உறங்குகிறவர்கள் உறங்கிக்கொண்டே இருப்பார்கள் என்பதும் எவ்வளவு பெரிய வசதி என்று புரிந்தது. இருக்கை, பெடல், பேரிங் எதிலும் இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்தத் திரை. நேரம், வேகம், தூரம், கலோரி என்ற நான்கையும் அது சில விநாடிகளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் காட்டும். மிதிப்பவரின் கண் வேறெங்கும் போகாதபடி நேர் எதிரே, மார்பு உயரத்தில் அது நிற்கிறது. நேரத்தைக் கவனிக்கக் கவனிக்க நேரம் நீளும் என்பது பேருந்துக்குக் காத்திருந்த எவருக்கும் தெரியும். இங்கே அந்தக் கவனிப்பையே ஒரு வசதியாக வடிவமைத்துத் தந்திருக்கிறார்கள். பாதி நேரம் போயிருக்கும் என்று நம்பித் தலை நிமிர்ந்தால், ஏழாவது நிமிடம் இன்னும் முடிந்திருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. அந்த நிமிடங்களை ஒவ்வொன்றாக எதிரே எண்ணிக் காட்டும் ஒரு பொருளுடன் அவற்றைக் கழிப்பது தனி வகைத் துன்பம்.

அந்த எண்களாவது உண்மையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வகைக் கன்சோலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பெடல் ஒரு சுற்று சுற்றியதா இல்லையா என்பது. பெடல் தண்டோடு சுழலும் ஒரு சிறு காந்தம், சட்டத்தில் பொருத்திய சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு மேலே போகிறது. கன்சோல் அதை ஒரு நிலையான எண்ணால் பெருக்கி வேகம் என்றும் தூரம் என்றும் பெயரிடுகிறது. தடையை எந்த நிலையில் வைத்திருக்கிறேன் என்பதோ என் எடை என்ன என்பதோ அதற்குத் தெரியாது. ஆனாலும் கலோரியைத் தசமப் புள்ளியோடு சொல்கிறது. தடையைக் கூட்டித் தொடை எரிய எரிய மிதித்தால் சுற்று குறைகிறது, உடனே திரை வேகம் குறைந்துவிட்டதாக அறிவிக்கிறது. தடையை அறவே தளர்த்திவிட்டு வெறுமனே காலைச் சுழற்றினால் நான் பெரிய வீரன். உழைக்கும்போது சோம்பேறி என்றும், சோம்பியிருக்கும்போது வீரன் என்றும் சொல்லும் ஒரு பொருளை நாள்தோறும் எதிரே வைத்துக்கொண்டிருப்பவனுக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும்?

பிறகு சென்சாரிலிருந்து மேலே போகும் கம்பி, கைப்பிடித் தண்டை ஏற்றி இறக்கும் இடத்தில் நசுங்கி அறுந்தது. எவ்வளவு மிதித்தாலும் திரை பூஜ்யத்திலேயே நின்றது. சிறிது நேரத்தில் அதுவே அணைந்தும் போகும். சட்டத்தைத் திறக்க வேண்டிய வேலை என்பதால் பழுதுபார்ப்பு தள்ளிக்கொண்டே போனது. இந்தக் கருவியுடன் நான் கழித்த மிக நல்ல காலம் அதுதான்.

எண்கள் போனதும் வேறு அளவுகோல் தேவைப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை 6 முதல் 20 வரையிலான எண்ணால் உழைப்பவரே சொல்ல வேண்டும். 6 என்றால் உழைப்பே இல்லை, 13 என்றால் ஓரளவு கடினம், 20 என்றால் இதற்கு மேல் முடியாது. 6இல் தொடங்கும் இந்த விசித்திரத்துக்குக் காரணம், சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞர் ஒருவரின் இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய நெருங்கிவரும் என்பதே. எனக்கு அவ்வளவு நுட்பம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. சில சொற்களிலேயே மூச்சு தட்டினால் கடும் உழைப்பு. இந்த எளிய சோதனைக்குப் பொத்தானும் பேட்டரியும் வேண்டாம். அதைவிட முக்கியம், கவனம் நேரத்தின் மீதிருந்து மூச்சின் மீதும் கால்களின் மீதும் நகர்ந்துவிடுகிறது. மூச்சு மாறிக்கொண்டே இருப்பது, ஆகவே கவனிக்க ஏதேனும் இருந்துகொண்டே இருக்கும்.

சலிப்பைப் போக்க மற்றவர்கள் பரிந்துரைக்கும் வழிகளையும் இந்தக் காலத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். கைபேசியில் தொடர் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கதை சூடுபிடிக்கும் இடத்தில் கால் தானாக மெதுவாகிவிடுகிறது, நாயகன் ஓடும்போது நான் நின்றிருப்பேன். ஒலிப்புத்தகம் அதைவிட நல்லது, குறிப்பாகத் துப்பறியும் கதை. சைக்கிளில் ஏறினால் மட்டுமே அடுத்த அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளும் உத்தியை கேத்தரின் மில்க்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் தம் குழுவினருடன் சோதித்து 2014இல் வெளியிட்டிருக்கிறார். விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று கட்டுப்படுத்தப்பட்டவர்கள், ஆரம்பத்தில் மற்றவர்களைவிட 51 சதவீதம் கூடுதலாகக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் நாள்கள் செல்லச் செல்ல விளைவு தேய்ந்து, ஒரு நீண்ட விடுமுறைக்குப் பின் மறைந்துபோனது. என் அனுபவமும் அதையே சொல்கிறது: புத்தகம் முடிந்த மறுநாள்தான் ஆபத்தான நாள், அடுத்ததை முன்கூட்டியே தேர்ந்துவைத்திருக்க வேண்டும்.

கடும் உழைப்பும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும் இடைவெளிப் பயிற்சி சலிப்பைப் போக்கும் என்பார்கள். உண்மைதான், சலிப்பு இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் 1996ஆம் ஆண்டு ஆய்வால் புகழ்பெற்ற, 20 விநாடி முழு மூச்சாக மிதித்து 10 விநாடி ஓயும் முறை, எட்டுச் சுற்றில் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஆய்வு பயிற்சி சைக்கிளில்தான் நடந்தது, பங்கேற்றவர்கள் விளையாட்டுப் பயிற்சி உள்ள இளைஞர்கள். நாள்தோறும் நிதானமாக ஓட்ட நினைப்பவருக்கு அது மருந்தாகாது.

எனக்குக் கைகொடுத்தது பாட்டுதான், அதுவும் அமைப்போடு கேட்கும் பாட்டு. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் இரு கால்களும் சேர்ந்து 160 மிதிகள். தாளம் 80ஆக இருந்தாலும் 160ஆக இருந்தாலும் காலோடு ஒட்டிக்கொள்ளும். பல்லவியில் தடையை ஒரு நிலை குறைப்பேன், இடையிசையில் ஒரு நிலை கூட்டுவேன், சரணம் முழுவதும் இன்னொரு நிலை மேலே. மீண்டும் பல்லவி வந்தால் இளைப்பாறலாம். இரண்டு சரணங்கள் உள்ள திரைப்பாடல் ஒன்று, நிமிடங்களை எண்ணாமலே ஓர் இடைவெளிப் பயிற்சியாகிவிடுகிறது. மூன்று மூன்றாக நடக்கும் பாடல்கள் இன்னும் சுவையானவை: எண்ணிக்கைக்கு ஒரு மிதி என்று வைத்துக்கொண்டால், தாளத்தின் அழுத்தம் ஒரு முறை வலக்காலிலும் மறுமுறை இடக்காலிலும் மாறி மாறி விழும். இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் சலிப்பதற்கு நேரமே இருக்காது. பிரிட்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சிக்கான இசையை நெடுங்காலம் ஆராய்ந்த காஸ்டஸ் கராஜியோர்கிஸ் போன்றோர், மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைக் குறைக்கிறது என்றும், உழைப்பு மிகக் கடுமையாகும்போது உடலின் கூக்குரல் இசையை மீறிவிடுகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் எனக்குப் பாடலாசிரியர் என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் போவதற்கு இதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: நாம் சலிப்பு என்று நினைப்பதில் பெரும்பகுதி வெப்பம். வெளியே ஓட்டும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே போகும்; உள்ளே நம் உடலைச் சுற்றி நாமே சூடாக்கிய காற்று நகராமல் நிற்கிறது. வியர்வை சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. உழைப்பு அதேதான், இதயத்துடிப்பு மட்டும் மெல்ல மெல்ல ஏறுகிறது. அப்போது மனம் சொல்லும் "போதும், போரடிக்கிறது" என்பதை நான் இப்போது நம்புவதில்லை. மின்விசிறியை முகத்துக்கு நேரே, சற்றுத் தாழ்வாக வைத்த பிறகு, வழக்கமாகப் பாதியில் வரும் அந்தச் சலிப்பு நெடுநேரம் தள்ளிப்போயிற்று. கன்சோலில் செலவழித்த பொறியியலில் கொஞ்சத்தை ஒரு சிறு விசிறிக்குச் செலவழித்திருக்கலாம்.

இதற்கிடையே நண்பர் ஒருவர், சைக்கிளா ட்ரெட்மில்லா என்று கேட்டிருந்தார். ட்ரெட்மில்லின் மூதாதை 1818இல் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் கியூபிட் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம். மணிக்கணக்கில் முடிவில்லாத படியேறும் அந்தத் தண்டனையில் கைதிகளை வதைத்தது உழைப்பு மட்டுமல்ல, அதன் மாறாத ஒரே தன்மையும்தான். பிரிட்டனில் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது முடிவுக்கு வந்தது. இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துவிட்டு ட்ரெட்மில்லையே வாங்கிவிட்டார். ஆனால் வேறுபாடு உண்மையானது: அங்கே வேகத்தைப் பட்டை தீர்மானிக்கிறது, கவனம் தவறினால் விழ வேண்டியதுதான், சைக்கிளில் கண்ணை மூடிக்கொண்டே ஒரு முழுப் பாடலை மிதிக்கலாம்.

கண்ணை மூடிக்கொள்ளலாமே, பேட்டரியைக் கழற்றிவிடலாமே, இதற்கு ஏன் இவ்வளவு புலம்பல் என்று கேட்பீர்கள். பேட்டரியைக் கழற்றினேன், தூரத்தைக் குறித்துவைத்துத் தன்னோடு தானே போட்டியிடும் என் மகள் மறுபடியும் போட்டுவிட்டாள், அவளுக்கு அந்த எண்கள் இல்லாமல் ஓட்டப் பிடிக்காது. துண்டைப் போட்டு மூடினேன். கைபேசியை நிறுத்தும் தாங்கி கன்சோலின் மேல் விளிம்போடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறது; கைபேசியை எடுக்கும்போதெல்லாம் துண்டும் சேர்ந்து சரிகிறது, சரிந்த இடத்தில் பன்னிரண்டு நிமிடம் முப்பது விநாடி என்று மின்னுகிறது. பழுதுபார்க்க வந்தவர் கம்பியை இணைத்துவிட்டு, என்னை மிதிக்கச் சொல்லி, எண்கள் ஏறுவதைக் காட்டிப் பெருமிதப்பட்டார். நல்ல வேலைக்காரர், அவரிடம் என்ன சொல்வது?

ஆகவே, சத்தமில்லாத, தேய்மானமில்லாத, உறுதியான இந்தச் சைக்கிளுக்கு இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன். கம்பி அறுந்திருந்தபோது கேட்டிருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். இதே மாதிரியை வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்குமுன் கன்சோலின் பின்புறம் கையை விட்டு, சென்சார் இணைப்பை எளிதில் கழற்றி மாட்ட முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் அது சட்டத்துக்குள்ளே இருக்கிறது.