பசியை அளக்க எட்டுக் கேள்வியா, மூன்று கேள்வியா?

வீடுகளில் பசி எவ்வளவு என்று சர்வே எடுப்பவர்களிடம் பரவலாகப் புழங்குவது இரண்டு: ஐநா உணவு வேளாண் அமைப்பின் எட்டுக் கேள்விப் பட்டியல், அப்புறம் மூன்றே கேள்விகள் கொண்ட குடும்பப் பசி அளவுகோல்.

எட்டுக் கேள்வி, சாப்பாட்டுக்குப் பற்றாமல் போய்விடுமோ என்ற கவலையில் தொடங்கி, சத்தில்லாத சாப்பாடு, ஒரு வேளையை விட்டது என்று ஏறி, நாள் முழுக்கச் சாப்பிடாதது வரை போகிறது. பதில் ஆம், இல்லை மட்டும்தான். "பணமோ வேறு வழியோ இல்லாததால்" என்று ஒவ்வொரு கேள்வியிலும் வரும். அவசரத்தில் கேட்பவர் அதை விழுங்கிவிட்டால், விரதம் இருந்தவரும் பட்டினிக் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

மூன்று கேள்வி நேராகக் கடைசிப் படிக்கே போகிறது: வீட்டில் உண்ண எதுவுமே இல்லாமல் போனதா, பசியோடு படுத்தீர்களா, ஒரு பகலும் இரவும் சாப்பிடாமல் இருந்தீர்களா? கடந்த 30 நாளில் எத்தனை தடவை என்பதையும் கேட்டு, 0 முதல் 6 வரை மதிப்பெண். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பசி.

பேரிடர் பகுதியில் சீக்கிரம் முடிவெடுக்க மூன்று கேள்வி போதும். ஆனால் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் அம்மா இருக்கும் வீடு இதில் பூஜ்யம் வாங்கிவிடலாம், அது எனக்குப் பொறுக்கவில்லை. எட்டுக் கேள்வியைத் தனி ஆளிடமும் கேட்கலாம் என்பதால், அவசரம் இல்லாத இடத்தில் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.