ஷேலாவில் ஒரு வீட்டில் தங்கி ஸ்பானிஷ் படித்தேன்: இரண்டு ஆண்டுகள் கழித்து எழுதுவது

ஸ்பானிஷ் படிக்க வெளிநாடு போகிறேன் என்றால் கேட்பவர்கள் ஸ்பெயினைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் போனது குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் இருக்கும் கெத்சால்தெனாங்கோவுக்கு. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லும் பொறுமை உள்ளூரில் யாருக்கும் இல்லை. ஷேலா என்கிறார்கள்.

அங்கே போனதற்கு என் வேலைதான் காரணம். ஹூஸ்டனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஷேலாவை ஒட்டியிருக்கும் தொத்தொனிகாபான் பகுதியிலிருந்து 1980-கள் முதலே மாயர்கள் என்ற பூர்வகுடிகள் ஹூஸ்டனுக்குக் குடிவந்து கொண்டிருக்கிறார்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது என்று ஒரு பாட்டியிடம் கேட்பதற்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை காத்திருப்பது எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சில மாதங்கள் இடைவெளி கிடைத்தது. நோயாளிகள் பேசும் ஸ்பானிஷை அவர்கள் ஊர்ப்பக்கத்திலேயே போய்ப் படிப்போம் என்று கிளம்பினேன்.

அங்குள்ள ஏற்பாடு இதுதான். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர். நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீடு, மூன்று வேளைச் சாப்பாடு. பெரும்பாலான வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிதான் வீட்டையும் ஏற்பாடு செய்கிறது. குவாத்தமாலாவின் இன்னோர் ஊரான ஆன்டிகுவாவிலும் இதே முறை உண்டு. அழகான ஊர், 1979-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனால் அதன் சிக்கலும் அதுதான். காப்பிக் கடையில் நாம் ஸ்பானிஷில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஷேலாவில் அந்த ஆபத்து குறைவு. சுற்றுலாப் பயணிக்காக மெனக்கெடும் ஊர் அல்ல அது. அங்கே பஸ் நிலையம், சந்தை, பல்கலைக்கழகங்கள், 2,330 மீட்டர் உயரத்துக் குளிர் இவ்வளவுதான்.

வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் போகுமுன் நான் அதிகம் தேடியதும் குறைவாகக் கிடைத்ததும் அந்தத் தகவல்தான். வீட்டம்மா அறுபதைக் கடந்தவர், கணவர் இல்லை. மகளும் பள்ளிக்குப் போகும் பேரனும் உடன் இருந்தார்கள். மகன் அமெரிக்காவில். வீட்டம்மாவின் தாயார் பின்னறையில் இருந்தார். எனக்குத் தனி அறை, மூன்று கம்பளிகள், ஆடும் மேசை ஒன்று. வெந்நீருக்குக் குளியல் குழாயின் தலையிலேயே மின்சாரக் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் சில்லிட்டு விழும், கொஞ்சமாகத் திறந்தால் சுடும். நடுவில் ஓர் இடம் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. முற்றத்தில் பீலா என்கிற கல் தொட்டி. நடுத்தொட்டியில் தண்ணீரைத் தேக்கிவைத்து, ஒரு பக்கம் துணி துவைப்பார்கள், மறுபக்கம் பாத்திரம் கழுவுவார்கள். குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வராத ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் வகுப்பு நண்பரான டென்மார்க்காரர் முதல் வாரமே நடுத்தொட்டிக்குள் சோப்புக் கையை விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாப்பாடு எனக்கு ஒத்துப்போனது. மூன்று வேளையும் மக்காச்சோளத் தொர்தீயா. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, கையாலேயே தட்டி, தட்டையான கல்லிலோ தகட்டிலோ சுடுகிறார்கள். கூடவே கறுப்பு பீன்ஸ். காலையில் ஓட்ஸ் கஞ்சி, வியாழக்கிழமை என்றால் இலையில் மடித்து அவித்த உருளைக்கிழங்குப் பாச்செ, இது ஷேலாவின் வழக்கம். இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருந்தது காய்கறிக் கூடைதான். நாம் சௌசௌ என்றும் பெங்களூர் கத்தரிக்காய் என்றும் சொல்கிற காய்க்குப் பிறந்த இடமே மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. அங்கே காய், கொழுந்து, கிழங்கு மூன்றையும் தின்கிறார்கள். அந்தக் கொடிக்குக் கிழங்கு இருப்பதே எனக்கு அங்கேதான் தெரியும். மக்குய் என்று ஒரு கீரைச் சாறு வைத்தார்கள். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நம் மணத்தக்காளியின் நெருங்கிய உறவு. தண்டுக்கீரை இனமும் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கறி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, மீன், பன்றிக்கொழுப்பு மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். சொல்லிவிட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.

சரி, மொழி. பள்ளியில் ஐந்து மணி நேரம் இலக்கணம், வீட்டில் மீதி நேரம் பேச்சு என்றுதான் விளம்பரங்கள் சொல்லும். நடைமுறையில் வீடு கற்றுத்தருவது இன்னதென்று எதிர்பார்க்கவே முடியாதவற்றை. சாப்பிட்டு எழும்போது மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும், சின்னப் பையன் உட்பட. அவர்கள் ‘புயென் புரோவேச்சோ’ என்பார்கள், உண்டது நலம் தருக. வாசலைத் தாண்டினால் ‘கெ லெ வாயா பியென்’, நன்றாகப் போய்வருக. படுக்கப் போனால் ‘கெ தெஸ்கான்ஸெ’, நன்றாக ஓய்வு கொள்க. ஸ்பானிஷ் மாணவர்கள் எல்லோரும் அஞ்சுகிற ஸுப்ஹுந்தீவோ என்ற வினைவடிவம்தான் கடைசி இரண்டிலும் வருவது. ஆசிரியை அதைப் பலகையில் எழுதியபோது என் காதுக்கு அது ஏற்கெனவே பழகியிருந்தது. நமக்கு வியங்கோள் வினை இருப்பதால், வாழ்த்துவதற்கு வினையை வேறு விதமாக முடிப்பதில் அந்நியமாக எதுவும் தெரியவில்லை.

தமிழர்களுக்கு வேறு சில வசதிகளும் உண்டு, யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன். ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்கு வலிக்கிறது’ என்று நாம் பேசுவதுபோலவே ஸ்பானிஷும் பேசுகிறது. ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் வாரக்கணக்கில் இங்கே தடுக்கி விழுவதைப் பார்த்தேன். எனக்கு முதல் நாளே பிடிபட்டது, அதிலும் வலியைப் பற்றிக் கேட்பதுதானே என் பிழைப்பு. ஞகரமும் தகரமும் அப்படியே பொருந்துகின்றன. ஆனால் பால் வேறுபாடு நம்மைப் படுத்துகிறது. மேசை பெண், புத்தகம் ஆண். எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒரே கூடையில் போட்டுப் பழகியவர்களுக்கு இது ஓயாத தொல்லை, இரண்டு ஆண்டுகள் கழித்தும்.

மரியாதைச் சொற்கள் தனி விஷயம். நெருங்கியவர்கள் பலரைச் சேர்த்து அழைக்க ஸ்பெயினில் உள்ள ‘வோசோத்ரோஸ்’ இங்கே பேச்சில் இல்லை. நெருங்கிய நண்பர்களுக்குள் ‘வோஸ்’, நடுவே ‘தூ’, மற்ற எல்லோருக்கும் நம் ‘நீங்கள்’ போன்ற ‘உஸ்தெத்’. வீட்டம்மா தன் தாயிடமும் என்னிடமும் உஸ்தெத் என்றுதான் பேசினார்; பேரனைக் கொஞ்சும்போதுகூட அதுவே வரும். இந்தப் பழக்கம்தான் இன்று மருத்துவமனையில் எனக்குக் கைகொடுக்கிறது. மாட்ரிட்டில் படித்துவிட்டு வந்த சக ஊழியர் எழுபது வயதுக்காரரை ‘தூ’ என்று அழைக்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

இப்போது குறை. முதல் ஆறேழு வாரங்களுக்குப் பிறகு வீட்டில் என் முன்னேற்றம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர்கள் என் உடைந்த ஸ்பானிஷுக்குப் பழகிவிட்டார்கள். நான் பாதி சொன்னால் மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள், திருத்துவதை விட்டுவிட்டார்கள். பேச்சும் மழை, சாப்பாடு, பேரனின் வீட்டுப்பாடம் என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. அன்பு மிகுந்த வீட்டில்தான் இது நடக்கும் என்று தோன்றுகிறது. இதற்கு மருந்து வீட்டுக்கு வெளியே இருந்தது. வகுப்பை ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்றாகக் குறைத்தேன். மகளுடன் வெள்ளிக்கிழமைகளில் சான் பிரான்சிஸ்கோ எல் ஆல்தோ சந்தைக்குப் போனேன். துணியும் ஆடுமாடுகளும் விற்கும் பெருஞ்சந்தை அது. நம் உச்சரிப்பை நின்று பொறுத்துக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. ஒரு நாள் அங்கே பட்ட பாடு ஒரு வார வகுப்புக்குச் சமம்.

இன்னொரு குறை பள்ளியைப் பற்றியது. பெயர் வேண்டாம். வீட்டுக்கு ஒரு மாணவர்தான் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கூட்டம் சேரும் பருவத்தில் அடுத்த அறைக்கு ஓர் ஆங்கிலம் பேசும் இளைஞரை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் இரவுச் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம் நுழைந்தது, பேரனுக்கு அதில் ஏகக் கொண்டாட்டம். நாம் கட்டும் பணத்தில் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. முன்பதிவு செய்யும்போதே இந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பணத்துக்காகத்தான் அவர்கள் வீட்டைத் திறக்கிறார்கள் என்பது சிலருக்கு உறுத்தலாக இருக்கிறது. எனக்கு அது நிம்மதி. விருந்தாளியாக நடிக்கத் தேவையில்லை, தொர்தீயா இன்னொன்று வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

பின்னறைப் பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அவருக்கு ஸ்பானிஷ் இரண்டாம் மொழி. தாய்மொழி மாய மொழிகளில் ஒன்றான கிச்சே. நாட்டின் சட்டமே 2003 முதல் மாய மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்கிறது. அவை 22 இருக்கின்றன. வீட்டம்மாவின் மகளுக்குக் கிச்சே புரியும், பேச மாட்டார். பேரனுக்குப் புரியவே புரியாது. பாட்டி ஸ்பானிஷ் பேசினால் நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுவார். தொடக்க நிலை மாணவருக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ஹூஸ்டனில் என் நோயாளிகளில் சிலர் ஸ்பானிஷிலும் ஏன் தயங்கினார்கள் என்பது எனக்கு அந்த வீட்டில்தான் விளங்கியது. அவர்களுக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை அழைத்துத் தந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று மருத்துவமனை நினைத்துக்கொண்டிருந்தது.

1960-இல் தொடங்கி 1996 டிசம்பர் ஒப்பந்தத்தோடு முடிந்த உள்நாட்டுப் போரைப் பற்றிப் பள்ளிகள் பிற்பகல் உரைகள் வைக்கின்றன. போங்கள், கேளுங்கள். 1999-இல் வெளியான உண்மை அறியும் ஆணையத்தின் அறிக்கை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று சொல்கிறது. அடையாளம் காணப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் மாயர்கள். வீட்டில் மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். வினை வடிவங்களைப் பயிற்சி செய்வதற்கான தலைப்பு அல்ல அது. என் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எவ்வளவு காலம் தங்கலாம் என்பது கடவுச்சீட்டைப் பொறுத்தது. விசா இன்றி நுழைபவர்களுக்குப் பொதுவாக 90 நாள். அந்தக் கணக்கில் எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா மூன்றும் சேர்த்தி என்பதால், அங்கே போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. என் டென்மார்க் நண்பர் எல் சால்வடோர் கடற்கரைக்குப் போய் வந்து இதைத் தெரிந்துகொண்டார்.

ஊர் திரும்பிய பின் ஸியெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு எழுதினேன். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வான்தெஸும் மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துவது, சான்றிதழ் ஐந்து ஆண்டுகள் செல்லும். கேட்பதிலும் பேசுவதிலும் பி2 நிலை, எழுதுவதில் அதற்கு ஒரு படி கீழான பி1. வீட்டில் தங்கிப் படித்ததன் சரியான படம் அது. மேசையில் உட்கார்ந்து யாரும் கட்டுரை எழுதுவதில்லை அல்லவா? கேட்கும் பகுதியில் ஸ்பெயின்காரர் ஒருவர் வேகமாகப் பேசிய இடத்தில் பாதி தப்பிவிட்டது. இரண்டு ஆண்டுகளில் இலக்கணச் சொற்கள் பல மறந்துவிட்டன. சமையலறைச் சொற்களும் உடம்பின் பாகங்களும் வாசல் வாழ்த்துகளும் அப்படியே இருக்கின்றன. என் வேலைக்கு அது போதும். தேர்வுக்காகவோ மேற்படிப்புக்காகவோ படிப்பவர்கள் எழுத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கியாக வேண்டும். பத்துப் பதினைந்து நாள் விடுப்பில் போகிறவர்களுக்கு வீடு அவ்வளவாகப் பயன்படாது, கூச்சம் தெளிவதற்குள் திரும்ப வேண்டியிருக்கும்.

போகிறவர்கள் தடித்த ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டிக் குளிர் இருக்கிறது, வீட்டில் கணப்பு கிடையாது. மே முதல் அக்டோபர் வரை பிற்பகலில் மழை, ஆகவே காலை வகுப்பையே கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குச் சரவெடி வெடித்தால் படுக்கையை விட்டு எழ வேண்டாம். தெருவில் யாருக்கோ பிறந்தநாள்.