ரீசா ஃபென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: என் 14,850 ரூபாய் போன விதம்

மரவேலைக் கருவிகளைப் பல விற்பனையாளர்கள் வழியாக விற்கும் ஓர் இணையச் சந்தையில், பேண்ட்சாவில் (வளையமாக ஓடும் பட்டை ரம்ப இயந்திரம்) பலகை பிளக்கும்போது அதைச் சாய்த்துத் தள்ளுவதற்கான உயரமான தடுப்பான ரீசா ஃபென்ஸ் ஒன்றை வாங்கி 14,850 ரூபாயை இழந்து நிற்கிறேன். பணம் திரும்பாது என்ற கடைசிப் பதில் நேற்று இரவுதான் வந்தது. புகார் இன்னும் மேலே போக இருப்பதால் சந்தையின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் ஏமாற்றிய முறையை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையில் இன்னொரு பட்டறைக்காரரின் பணமும் போய்விடக் கூடாது. ரீசா ஃபென்ஸை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், வாங்காமல் நாமே எப்படிச் செய்துகொள்ளலாம் என்பதையும் பதிவின் இறுதியில் சொல்கிறேன்.

என்னுடைய பட்டறையில் இருப்பது 14 அங்குலச் சக்கரம் கொண்ட சாதாரண பேண்ட்சா. பிளேடை மேலே பிடித்து நடத்தும் கைடுக்கும் மேசைக்கும் நடுவே 6 அங்குல உயரம் வரை கட்டையை நிறுத்தி அறுக்க முடியும். இயந்திரத்தோடு வந்த ஃபென்ஸ் அதில் பாதி உயரம்கூட இல்லாதது. சட்டம் கிழிப்பதற்கும் சிறு துண்டுகள் வெட்டுவதற்கும் அது போதும். ஆனால் 6 அங்குல அகலப் பலகையைக் குத்துவாக நிறுத்தி 5 மி.மீ. தகடுகளாகப் பிளக்கும்போது, பலகையின் மேல்பாதிக்குச் சாய்மானம் இல்லாமல் அது கையில் ஆடும். ஆடினால் தகடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். இந்த முறை அறுக்க வேண்டியிருந்தது காரைக்குடிப் பக்கத்தில் பிரித்த ஒரு பழைய வீட்டின் பர்மா தேக்கு. வீட்டுக்காரர் தம் தாத்தா காலத்து உத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அதையே பிளந்து, இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் ரேகை ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமையும்படி இணைத்து, பூஜையறைக் கதவுக்குப் பலகை செய்து தரக் கேட்டிருந்தார். அந்த மரம் கெட்டால் எந்த மரவாடியிலும் ஈடு வாங்க முடியாது. அதனால்தான் நல்ல ஃபென்ஸாகவே வாங்குவோம் என்று 14,850 ரூபாய் கொடுக்கத் துணிந்தேன்.

விற்பனைப் பக்கத்தில் 600 மி.மீ. நீளம், 150 மி.மீ. உயரம், 8 மி.மீ. தடிப்புள்ள 6063 ரக அலுமினியம், அதை மேசைமேல் நிறுத்திப் பிடிக்க, மில்லிங் செய்த (இயந்திரத்தில் சீவிச் சமமாக்கிய) வார்ப்பிரும்புத் தாங்கி என்று எழுதியிருந்தது. அதை மட்டும் படித்து நான் நம்பவில்லை. கேள்வி கேட்டு எழுதியபோது விற்பவர் தொலைபேசி எண் கொடுத்து வீடியோ அழைப்பில் பேசினார். நான் நம்பிய இடம் அதுதான், ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. எந்த பிளேடு போடுகிறீர்கள் என்று கேட்டார். அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல் என்றேன். பிளப்பதற்கு அதுவே சரி, பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமில்லாமல் பிளேடு சூடாகி விலகும் என்றார். மேல் சக்கரத்தில் பிளேடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று கேட்டார். பழைய தேக்கு என்றதும், ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள் என்றார். இவை எல்லாம் தொழில் தெரிந்தவனின் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடிய பேச்சு. பிறகு ஃபென்ஸை எடுத்து மேசைமேல் வைத்து, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தைச் சேர்த்து வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து, வெளிச்சம் ஊடுருவவில்லை என்று காட்டினார். "சார், என் பட்டறையிலயும் இதேதான் ஓடுது, ஒரு முடி அளவுகூட சாயாது, எதுன்னாலும் நான் இருக்கேன்" என்றார். அந்த அழைப்பில் நான் கண்ட தாங்கி கனத்த வார்ப்பிரும்பு. அதன் அடிப்பக்கத்தில் மில்லிங் கோடுகள்கூடத் தெரிந்தன. அன்று மாலையே சந்தையின் செயலி வழியாக 14,850 ரூபாயைக் கட்டினேன்.

வந்தது வேறு பொருள். வார்ப்பிரும்புத் தாங்கி இருக்க வேண்டிய இடத்தில், 2 மி.மீ. தகட்டை மடக்கிக் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு கோணத் துண்டு இருந்தது. முகப்பலகையை வெர்னியரில் அளந்தால், 8 மி.மீ. என்பது உள்ளே பொள்ளலாக உள்ள ஒரு சட்டத்தின் மொத்தத் தடிப்பு. சுவரின் தடிப்பு 1.5 மி.மீ. கூட இல்லை. நேர்விளிம்பை நீளவாக்கில் வைத்துப் பார்த்தபோது நடுவில் 0.6 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. மூலமட்டத்தைச் சேர்த்தால் 150 மி.மீ. உயரத்தில் உச்சி 1.2 மி.மீ. பின்னால் சாய்ந்திருந்தது. இவை அனைத்தையும்விட மோசமானது, உச்சியைக் கட்டை விரலால் அழுத்தியவுடன் அது மேலும் பின்னுக்குப் போய், விரலை எடுத்ததும் திரும்பி வந்தது. பிளக்கும்போது பலகையை ஃபென்ஸோடு அழுத்திப் பிடித்துத்தான் தள்ளுகிறோம். அழுத்தினால் அசையும் ஃபென்ஸை ஃபென்ஸ் என்று விற்பதே மோசடி.

தேக்கை நான் தொடவில்லை. 140 மி.மீ. அகலமுள்ள ஒரு வேப்பம்பலகையை வைத்துப் பிளந்து பார்த்தேன். தகட்டின் கீழ் விளிம்பு 4.1 மி.மீ., மேல் விளிம்பு 5.2 மி.மீ. தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இதே வேறுபாடு. அளவுகளோடு படங்கள் எடுத்து விற்பவருக்கு அன்றைக்கே அனுப்பினேன்.

அவருடைய முதல் பதில், "டிரிஃப்டைச் சரிசெய்யுங்கள் சார்" என்பது. இந்தப் பதிலை நிதானமாகக் கவனியுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இதையேதான் சொல்வார்கள். டிரிஃப்ட் என்பது உண்மையிலேயே உள்ள ஒரு கோளாறு. பிளேடின் ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருந்தாலோ, பற்கள் இரு பக்கமும் வளைந்திருக்கும் விரிப்பு சமமாக இல்லாவிட்டாலோ, பிளேடு சக்கரத்தின்மேல் சரியான இடத்தில் ஓடாவிட்டாலோ, அறுப்பு ஃபென்ஸுக்கு இணையாகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது பலகை ஃபென்ஸை விட்டு விலகப் பார்க்கும், அல்லது ஃபென்ஸோடு நெருங்கி இறுகும். அந்தத் தவறு கிடைவாட்டத்தில் நிகழ்வது. தகட்டின் தடிப்பு நீளப்போக்கில்தான் மாறும், மேலுக்கும் கீழுக்கும் நடுவே மாறாது. அதேபோல பிளேடில் இழுவிசை போதாமலோ பல் மழுங்கியோ இருந்தால், பிளேடு மரத்துக்குள் வில்லாக வளைந்து, இரு விளிம்புகளும் சரியாக இருக்க, நடுவில் வயிறு தள்ளியதுபோல வரும். என் தகட்டில் இவை இரண்டும் இல்லை. கீழிருந்து மேலாக, நேர்கோட்டில், நீளம் முழுவதும் ஒரே வீதத்தில் தடித்துக்கொண்டு போனால், பிளேடும் ஃபென்ஸின் முகமும் செங்குத்தில் இணையாக இல்லை என்பதே பொருள். மேசைக்கும் பிளேடுக்கும் மூலமட்டம் வைத்து, அங்கே சாய்வு இல்லை என்று படமும் அனுப்பியிருந்தேன். எனவே மீதி இருப்பது ஃபென்ஸ் மட்டும்தான். பிளேடு எங்கே ஓட வேண்டும் என்று எனக்கே பாடம் சொன்ன மனிதருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துகொண்டேதான் டிரிஃப்ட் என்றார்.

இதை விளக்கி எழுதியதும் பேச்சு மாறியது. தாங்கிக்கு அடியில் காகிதம் மடித்து வையுங்கள் என்றார். கையால் அழுத்தினாலே நகரும் பொருளுக்குக் காகிதம் என்ன செய்யும் என்று கேட்டதற்கு, அப்படியானால் பேண்ட்சா மேசையையே சற்றுச் சாய்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேசையைச் சாய்த்தால் பலகையின் அடி விளிம்பு முழுவதாக ஊன்றாமல் பிளேடுக்குப் பக்கத்திலேயே ஆடும், விரல் போகும் என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. பிறகு, கூரியரில் அடிபட்டிருக்கும் என்றார். மடக்கிய தகடு கூரியரில் வார்ப்பிரும்பிலிருந்து மாறி வந்ததா என்று கேட்டேன். அழைப்பில் காட்டியது வேறு மாடல், அது ஏற்றுமதிக்கு உள்ளது என்றார். இவ்வளவு நாளும் "பொறுங்க சார், மாத்து பீஸ் அனுப்பறேன், ரிட்டர்ன் போட்டா எங்க ரேட்டிங் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், சந்தையின் 7 நாள் திருப்பியனுப்பும் கெடு முடிந்த மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கெடுவைத் தாண்டவைப்பதற்காகவே அத்தனை பேச்சும் நடந்திருக்கிறது என்று எண்ணும்போது, 14,850 ரூபாய் போனதைவிட அதுதான் வயிறெரிகிறது.

சந்தையின் வாடிக்கையாளர் சேவை இன்னொரு சுவர். முதலில் பதில் சொன்னது இயந்திரம். அதன்பின் வந்த மனிதரும் இயந்திரம் எழுதியதையே திரும்ப எழுதினார். கெடு முடிந்துவிட்டது, விற்பவரோடு தாங்கள் வெளியே பேசியதற்கு நாங்கள் பொறுப்பல்ல, பொருள் "பயன்படுத்தப்பட்டது" என்று மூன்று காரணம் சொல்லிப் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். எதைத் தீர்த்தார்கள்? என் 14,850 ரூபாய் அவர்களிடம்தானே இருக்கிறது! வேப்பம்பலகையில் ஒரே ஒருமுறை அறுத்துப் பார்த்ததைப் பயன்பாடு என்கிறார்கள். அறுத்துப் பார்க்காமல் ஒரு ஃபென்ஸ் சரியா என்று எவன் சொல்ல முடியும்?

சட்டம் அவர்கள் பக்கம் இல்லை என்பதை இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பட்டறைக்கு வாங்கிய பொருள், அதனால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்றும் ஒரு வரியில் என்னை மிரட்டிப் பார்த்தார்கள். சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

வாங்குவதையும் செய்வதையும் பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இன்று இதற்குமேல் மனம் அமைதியாக ஓடவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். ரீசா ஃபென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது முகத்தின் பளபளப்பை அல்ல, தாங்கியை. மூலமட்டத்தைச் சேர்த்து வைத்து உச்சியை விரலால் அழுத்துங்கள், வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். கடையில் நேரில் அழுத்திப் பார்க்க முடியாவிட்டால், 18 மி.மீ. தடிப்பில் ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள பிளைவுட் துண்டுகள் இரண்டை ‘எல்’ வடிவில் சேர்த்து, பின்னால் முக்கோணத் தாங்குகள் ஒட்டி, திருகி நீங்களே செய்துகொள்ளுங்கள். எனக்கு வந்த அலுமினியத்தைவிட அது உறுதியாக நிற்கும். பழைய மரமானால் ஃபென்ஸின் முகப்பலகையை பிளேடுக்குச் சற்றுப் பின்னாலேயே முடித்துவிடுங்கள், பிளந்த தகடு இறுக்கம் தளர்ந்து விரியும்போது ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே சிக்காது.

இணையத்தில்தான் வாங்குவீர்கள் என்றால், பெட்டியைப் பிரிப்பதையே வீடியோ எடுங்கள். விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், குறை கண்ட அன்றே செயலிக்குள் ரிட்டர்ன் போட்டுவிட்டு, பிறகு அவரோடு பேசுங்கள். வீடியோ அழைப்பில் காட்டியதற்குச் சாட்சி கிடையாது, அதே படத்தைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். என் பில்லில் "மரவேலை உபகரணம் 1" என்று மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் இப்போது மல்லுக்கட்டுகிறார்கள். தாங்கி வார்ப்பிரும்பு, முகம் இத்தனை மி.மீ. கெட்டித் தடிப்பு என்று பில்லிலேயே எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.