ஓடு என்று மட்டும் சொன்ன அகராதி

பேத்திக்காக 150 ரூபாய்க்கு வாங்கிய கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதி. எழுத்து பெரியது, கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். ஆனால் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு 'ஓடு' என்று போட்டுக் கதையை முடித்துவிட்டார்கள். மூக்கு ஒழுகுவதும் ரன், துணியில் சாயம் இறங்குவதும் ரன், அமெரிக்காவில் தேர்தலில் நிற்பதும் ரன்! "நிற்பதற்கும் ஓட்டமா, தாத்தா?" என்றாள் பேத்தி. அகராதி வாய் திறக்கவில்லை. முப்பது வருடம் தையல் கடை நடத்தினேனே, தையல் ஓட்டுகிற அந்த 'ரன்'னும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் தொகுப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்து இந்த ஒரு வினைக்கு 645 பொருள்களைப் பிரித்தெடுத்தார். அத்தனையுமா கேட்டேன்? ஒரு பத்தாவது போட்டிருக்கலாம். பைண்டிங் உறுதி, இரண்டு முறை கீழே விழுந்தும் ஒரு தாள்கூடக் கழலவில்லை.