குழந்தைகளின் மாஸ்ட் செல் நோய் ஆராய்ச்சிக்கு நன்கொடை: அமெரிக்க மாஸ்ட் செல் நோய்ச் சங்கம் பற்றிய மதிப்பீடு

நன்கொடை அளிப்பவர்கள் பொருள் வாங்குபவர்களைப் போலவே விசாரித்துக் கொடுக்க வேண்டும் என்று நம்புகிறேன். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு நோயாளிகளே சேர்ந்து தொடங்கிய மாஸ்ட் செல் நோய்ச் சங்கத்தை (முன்பு மாஸ்டோசைட்டோசிஸ் சங்கம்) அந்த நோக்கில் மதிப்பிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட எச்சரிக்கையுடன், கொடுக்கத் தகுந்த இடம் என்பதே என் முடிவு.

மாஸ்ட் செல்கள் நம் எல்லோருடைய தோலிலும் குடலிலும் இருப்பவை. ஹிஸ்டமின் முதலான பொருள்களை வெளியிட்டு ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டுபவை. இவை அளவுக்கு மீறிப் பெருகுவதே மாஸ்டோசைட்டோசிஸ். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் தோலில் பழுப்பு நிறத் திட்டுகளாக அது வெளிப்படுகிறது. தேய்த்தால் தடித்துச் சிவக்கிறது. வெயில், வெந்நீர், உராய்வு, பூச்சிக்கடி, சில வலிநிவாரணிகள் என எது வேண்டுமானாலும் தூண்டுதலாகலாம்.

பல குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் இந்தத் திட்டுகள் மங்கிவிடுகின்றன. "வளர்ந்தால் சரியாகிவிடும், இதற்கு எதற்கு ஆராய்ச்சி?" என்ற கேள்வி எழுவது அதனால்தான். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. உடல் முழுவதும் தோல் தடித்துக் கொப்புளமாகும் வகையோடு பிறந்த குழந்தைக்கும், மூச்சுத்திணறி ரத்த அழுத்தம் சரியும் ஆபத்தோடு, அவசர மருந்தான எபிநெஃப்ரின் ஊசியைச் சுமந்து பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் காத்திருப்பு மருந்தாகாது. எந்தக் குழந்தைக்கு நோய் மறையும், எந்தக் குழந்தைக்கு அது பெரியவரானபின்பும் தொடரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் வழி இன்னும் இல்லை. மறைவதற்கான காரணம் புரிந்தால், மறையாதவர்களுக்கும் வழி பிறக்கலாம்.

குழந்தைகளின் நோய் பெரியவர்களுடைய நோயின் சிறிய வடிவமும் அன்று. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, மாஸ்ட் செல்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் கிட் (KIT) மரபணுவில் டி816வி என்னும் ஒரே மாற்றம் காணப்படுகிறது. ஆனால் 2010இல் வெளிவந்த, 50 குழந்தைகளின் தோல் மாதிரிகளைச் சோதித்த ஆய்வில், 86 விழுக்காட்டினருக்கு இந்த மரபணுவில் மாற்றம் இருந்தபோதிலும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை மரபணுவின் வேறு பகுதிகளில் இருந்தன. அமெரிக்காவில் 2017இல் மிடோஸ்டாரின் என்ற மருந்தும், 2021இலும் 2023இலும் அவாப்ரிடினிப் என்ற மருந்தும் ஒப்புதல் பெற்றது பெரியவர்களின் நோய்க்காகத்தான். குழந்தைகளுக்கு இன்றும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளும், மாஸ்ட் செல்கள் அப்பொருள்களை வெளியிடுவதைத் தடுக்கும் குரோமோலினுமே பெரும்பாலும் கைகொடுக்கின்றன. நோயாளிகள் குறைவு, அவர்களிலும் பலர் தாமாகவே குணமடைகிறார்கள் என்னும்போது மருந்து நிறுவனங்களுக்கு இதில் வணிக ஆர்வம் எழுவது கடினம். நன்கொடைப் பணம் தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான்.

சங்கத்தின் செயல்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது, நோயாளிகளின் அனுபவத்தை ஆதாரமாக மாற்றும் பாங்கு. 2010இல் அவர்கள் நடத்திய கணக்கெடுப்பு, 420 பேரின் விடைகளோடு 2014இல் மருத்துவ இதழில் வெளியானது. ஆராய்ச்சி நிதி அளிப்பதோடு, குடும்பங்களுக்கும் மருத்துவர்களுக்குமான தகவல்களையும் அவர்கள் தருகிறார்கள். அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்புகள் வரித்துறைக்கு அளிக்கும் 990ஆம் எண் படிவம் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதால், வரவு செலவை எவரும் படித்துப் பார்க்கலாம். பணம் அனுப்பும் முன் அதைப் படிக்கும்படி வலியுறுத்துகிறேன்.

எச்சரிக்கை இதுதான்: சங்கம் எல்லா வயதினருக்குமானது. பெரியவர்களிடம் மருந்துச் சோதனைகள் வேகமாக நடக்கும் இந்நாளில், பொதுவாகக் கொடுக்கும் தொகை குழந்தைகளின் ஆய்வுக்கே போய்ச்சேரும் என்று தானாக எண்ணிக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கென்றே கொடுக்க விரும்புவோர், அவ்வாறு ஒதுக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் அனுப்புவதே முறை. முடிந்தால், ஒரே தடவையில் பெருந்தொகை கொடுப்பதைவிட ஆண்டுதோறும் சிறு தொகை கொடுங்கள். இரண்டு வயதில் திட்டுகளோடு வந்த குழந்தையைப் பதினெட்டு வயதுவரை தொடர்ந்து கவனித்து, மாஸ்ட் செல்கள் வெளியிடும் டிரிப்டேஸ் என்னும் நொதியின் ரத்த அளவையும் தோலின் நிலையையும் பதிவு செய்யும் ஆய்வுக்கு அத்தகைய இடைவிடாத ஆதரவே அதிகம் தேவைப்படுகிறது.